ஒரே வாரத்தில் இரண்டு தமுக்கு

அப்பாவுக்கு,

இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து வைக்கோல் தீயில் தோல் காயும் வாசனை வந்தது. தமுக்கை அடிப்பதற்கு முன்னால் விறைப்பு ஏறட்டும் என்று அனலில் காட்டுவார்களே, அந்த வாசனை. சத்தம் பிறகுதான் வந்தது. அதற்குள் அரிசியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினேன்.

எங்கள் டவுன் தமுக்குக்காரனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவன் நடந்துகொண்டே பேசுகிறவன். ஒரு வாசலில் தொடங்குகிற வாக்கியத்தை நாலு வாசல் தள்ளி முடிக்கிறான். எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது "கூடாதூ" என்கிற வால் மட்டும்தான். எது கூடாது? எதிர்வீட்டு மதினி, "சந்தைக்குப் போவக் கூடாதாம்" என்றாள். அடுத்த வீட்டுக்காரர், "அதெல்லாம் இல்ல. காய்ச்சல் கண்ட வீட்டுக்குப் போவக் கூடாதுன்னு சொல்லுதான்" என்றார். கோடிவீட்டுப் பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். மூன்று பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறைதான். அவனையே கேட்கலாம் என்று போனால், அவன் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டான்.

இந்தக் காய்ச்சல் ஊருக்குள் வந்ததிலிருந்து வாரம் தவறாமல் தமுக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் தெரு முழுவதும் வாசலுக்கு வருகிறது. கேட்கிறது, கலைகிறது, பிறகு அவரவர் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. உங்கள் மருமகன் ஆபீசுக்குப் போய்விட்டார். உங்கள் பேரன் சிலேட்டை எடுத்துக்கொண்டு, "போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டபடி நின்றான். அப்பாவிடம் கேட்டால் தெரியும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றிவிட்டது. நீங்கள் போய் வருஷங்களாகிவிட்டது என்பது அடுத்த கணம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் இருந்திருந்தாலும் நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டேன். பிறகு அழுகை வந்தது.

நீங்கள் தமுக்குப் போடச் சொன்னால் அது இப்படி இருக்காது. கிராம முன்சீப்பு வேலையில் எதைப் பற்றியும் பெருமை பேசாத நீங்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அலட்டிக்கொள்வீர்கள். தலையாரி முத்துமாடனை வாசலில் நிறுத்தி வாசகத்தைச் சொல்லிக்கொடுத்து, அவனைத் திருப்பிச் சொல்ல வைத்து, அதற்குப் பிறகுதான் கோலை எடுக்க விடுவீர்கள். "நின்னு சொல்லணும்லே. நடந்துக்கிட்டே சொன்னா அது நாய் குரைச்ச மாதிரிதான்" என்பீர்கள். முத்துமாடனும் நின்று சொல்லுவான். நம் ஊரில் தமுக்கு புரியவில்லை என்று எவரும் சொன்னதில்லை. அந்த ஐப்பசியில்கூட எல்லாருக்கும் ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

டவுனில் சர்க்கார் கச்சேரியும் தபாலாபீசும் எரிந்த கலகத்துக்கு மறு வருஷம் அது. நான் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஆடியில் நடக்க வேண்டிய முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழா, பெரியப்பா தவறிப்போன தீட்டினால் ஐப்பசிக்குத் தள்ளிப்போயிருந்தது. முன்சீப்பும் நீங்கள்தான், அம்மன் கோவில் தர்மகர்த்தாவும் நீங்கள்தான். கொடைக்குக் கால் நாட்டிய அன்று பூசாரி உங்கள் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பைக் கட்டினார். அன்று சாயங்காலம் முத்துமாடன் தெருத்தெருவாக நின்று சொன்னான். அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று, கொடை முடிகிற வரைக்கும் ஊரில் இருக்கிறவர்கள் எல்லையைத் தாண்டிப் போய் இராத்தங்கக் கூடாது என்று.

இது ஊருக்குப் புதிதல்ல. வருஷா வருஷம் வருகிற கட்டுப்பாடுதான். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தூரத்துச் சந்தைக்குப் போனவன்கூட விளக்கு வைப்பதற்குள் அடித்துப்பிடித்துத் திரும்பிவிடுவான். காப்புக் கட்டினவர் மட்டும் பகலிலும் தாண்டக் கூடாது. மீறினவன் வீட்டில் என்னென்ன நடந்தது என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருந்தது. எனக்கும் அந்தக் கதைகளில் பயம் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் அந்த வருஷம் கூடுதலாகவே பயந்தேன். "கொடை முடியட்டும், எல்லையைத் தாண்டினா பிள்ளைக்கு ஆவாது, நீ எங்கயும் அசையப்படாது" என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தாலுகா கச்சேரிச் சேவகன் ஒரு மட்டக்குதிரையில் வந்தான். மேற்கே மலையில் விடாமல் மழை, பாபநாசத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது, ஆற்றோரத்து ஜனங்கள் எல்லாரும் மேட்டுக்குப் போய் மறு உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டியது என்று தாசில்தார் எழுதியிருந்தார். நீங்கள் வாசலில் நின்று அதைப் படித்தீர்கள். படித்துவிட்டு வானத்தைப் பார்த்தீர்கள். பளிச்சென்று வெயில். முற்றத்தில் அம்மா வற்றல் காயப்போட்டிருந்தாள். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தீர்கள், மறுபடியும் வானத்தைப் பார்த்தீர்கள். "மழை எங்கயா பெய்யுது?" என்று சேவகனிடம் கேட்டீர்கள். "எனக்கென்ன தெரியும் அய்யா. குடுக்கச் சொன்னாவ, குடுத்துட்டேன். இன்னும் ஆறு ஊரு கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவன் குதிரையைத் தட்டினான்.

முத்துமாடன் வந்தான். நீங்கள் வாசகத்தைச் சொன்னதும் அவன் திருப்பிச் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அய்யா, முந்தாநாள் ஒருத்தரும் தாண்டப்படாதுன்னு சொன்னேன். இன்னைக்கு எல்லாரும் போங்கன்னு சொல்லணுமா? ஒரே வாயாலயா?"

"ஒரே வாயாலதாம்லே சொல்லணும். வேற வாய்க்கு நான் எங்க போவேன்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

ஊரே நம் வாசலில் கூடியது. பலசரக்குக் கடை வேலாயுதம் அண்ணாச்சிதான் எல்லாருக்குமாகப் பேசினார். "முன்சீப்பு அய்யா, ரெண்டு தமுக்கும் நீங்க போட்டதுதான். இதுல எதைக் கேக்க, எதை விட? சொல்லுங்க, அதுபடி செய்யுதோம்." அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நீங்கள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் சரிதான்வே" என்றீர்கள். அப்பா, இது ஒரு பதிலா? அன்றைக்கு உங்களுக்கு என்ன ஆயிற்று என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சர்க்காரை நம்பவில்லையா? கலகத்துக்குப் பிறகு அங்கே கூடாதே, இங்கே நிற்காதே என்று ஓயாமல் சர்க்கார் தமுக்கு வந்து, அதைக் கேட்டாலே ஊருக்குச் சலிப்பாகியிருந்தது. அந்தச் சலிப்பு உங்களுக்கும் இருந்ததா? இல்லை, அம்மனுக்குப் பயந்தீர்களா? இரண்டு பக்கமும் நீங்களே உட்கார்ந்திருந்ததில் எந்தப் பக்கத்து நீங்கள் பேசுவது என்று உங்களுக்கே பிடிபடவில்லையா?

நீங்கள் முடிவு சொல்லாததால் ஊரே ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு தமுக்கையும் மீறாமல் இரண்டையும் கேட்டுவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். குளத்தங்கரையைத் தாண்டினால் எல்லைக்கல். அதற்கும் அப்பால் பனங்காட்டு நடுவில் பொத்தை. ஆறு எவ்வளவு ஏறினாலும் அந்தப் பாறைமேட்டுக்கு வராது. பகலில் எல்லாரும் பொத்தைக்குப் போய்விடுவது, அப்போது சர்க்கார் சொன்னபடி மேட்டில் இருந்ததாயிற்று. விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்து அவரவர் வீட்டில் படுத்துக்கொள்வது, அப்போது அம்மன் சொன்னபடி ஊரில் இருந்ததாயிற்று. இந்த ஏற்பாட்டில் ஊருக்கே ஒரு குதூகலம். மறுநாள் காலை புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு, ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு, திருவிழாவுக்குப் போவது போலப் போனார்கள். சாயங்காலம் அதே கும்பல், காலிப் பாத்திரங்களோடு, நம் வாசல் வழியாகவே திரும்பி வந்தது. "சர்க்காருக்கும் நல்ல பிள்ளை, அம்மனுக்கும் நல்ல பிள்ளை" என்று வேலாயுதம் அண்ணாச்சி உங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் உள்ளே வந்து அம்மாவிடம் கேட்டீர்கள். "ஏளா, வெள்ளம் வெளிச்சத்துல மட்டும்தான் வருமா?" அம்மா, "அதை அவுககிட்டச் சொல்லாம எங்கிட்ட வந்து சொல்லுதியளே" என்றாள். ஆறு அன்று நிறம் மாறியிருந்தது. காலையில் தெளிவாக ஓடின தண்ணீர் சாயங்காலம் செம்மண் குழம்பாக வந்தது. படித்துறையில் கடைசிப் படிகள் தெரியவில்லை.

அடுத்த நாள் பொத்தைக்குப் போனவர்கள் பாதிப்பேர்தான். அதற்கும் மறுநாள் பிள்ளைகள் மட்டும் விளையாடப் போயின. நீங்கள் முத்துமாடனை இன்னொரு தடவை தமுக்கடிக்கச் சொன்னீர்கள். யாரும் வாசலுக்கு வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும், "கேட்டாச்சு, கேட்டாச்சு" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்களாம். வெயில் இன்னும் சுரீர் என்று அடித்தது. படித்துறையில் பாதிப் படிகளைக் காணவில்லை.

அன்று மத்தியானம் வேலாயுதம் அண்ணாச்சி வந்தார். நீங்கள் அவரிடம், பெண்டு பிள்ளைகளையாவது இராத்திரி அங்கே விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கெஞ்சினீர்கள் என்றே சொல்ல வேண்டும். அதற்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. "தப்பா நினைக்கப்படாது. நிசமாவே ஆபத்துன்னா பிள்ளைத்தாச்சி மகளை நீங்க முதல்ல அனுப்பியிருக்க மாட்டியளா? உங்க வீட்டுல உலை கொதிக்குது, மக உள்ள இருக்கா. நாங்க எங்க கண்ணால பாக்கத்தான செய்யுதோம்?"

அவர் போன பிறகும் நீங்கள் அங்கேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் வந்தேன். எதிர்வீட்டு மதினி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "பையனை அனுப்பிட்டியளா?" இன்னும் இல்லை என்றேன். "நீங்க அனுப்புனா நானும் அனுப்பலாம்னு இருக்கேன்" என்றாள். நானும் அவள் மகன் போகிறானா என்றுதான் காலையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு பையன்களும் இரண்டு வாசலிலும் சிலேட்டோடு நிற்கிறார்கள்.

வேலாயுதம் அண்ணாச்சி போன கொஞ்ச நேரத்தில் நீங்கள் உள்ளே வந்து என்னிடம் சொன்னீர்கள்.

"வண்டில ஏறும்மா."

"எங்க?"

"பொத்தைக்கு."

"கொடை முடியாம எல்லையைத் தாண்டினா பிள்ளைக்கு ஆவாதுன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் அதைத்தான் சொல்லுதேன். ஏறு."

இப்படி ஒரு பேச்சை உலகத்தில் எந்த அப்பாவும் மகளும் பேசியிருக்க மாட்டார்கள். நான் மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அழுதாள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, உறுதியும் இல்லை. சந்தையில் கைப்பிள்ளையைத் தொலைத்தவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு தூணைப் பிடித்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நம் வில்வண்டி வாசலில் நின்றது. வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு, தலையணை வைத்திருந்தது. ஆனால் பின்பக்கத்துத் திரையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தீர்கள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை நம் வீடுகளில் அப்படித் திறந்த வண்டியில் ஏற்றுகிற வழக்கம் உண்டா? "திரையைப் போடுங்கப்பா" என்றேன். "வெக்கையா இருக்கும்மா உனக்கு. காத்து வரட்டும்" என்றீர்கள். வண்டிக்காரனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, நீங்களே முன்னால் போய்க் காப்புக் கட்டிய கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நம் வீட்டிலிருந்து பொத்தைக்கு நேர்வழி கீழத்தெரு. வீட்டைவிட்டு இறங்கினால் குளத்தங்கரை. நீங்கள் வண்டியை மேலத்தெருவுக்குத் திருப்பினீர்கள். அங்கிருந்து வடக்குத்தெரு, கோவில் வாசல், பிறகு ஆற்றை ஒட்டின பள்ளத்தெரு. ஒரு தெரு பாக்கி வைக்கவில்லை. மாடு பைய நடந்தது. அவ்வளவு பைய நம் மாடுகள் நடந்து நான் பார்த்ததே இல்லை. தேர் போவது போல வண்டி போயிற்று. நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் அம்மா அழுதுகொண்டே நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் முத்துமாடன் தமுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அவன் அதை அடிக்கவே இல்லை.

பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "முன்சீப்பு மகளே போவுதா" என்று யாரோ உள்ளே திரும்பிச் சொல்வது கேட்டது. அடுத்த வாசலிலும் அதே பேச்சு. பிறகு கதவு சாத்துகிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம், கோழியைப் பிடிக்கிற சத்தம். பள்ளத்தெருவைக் கடந்து கடைப்பக்கம் வந்தபோது வேலாயுதம் அண்ணாச்சி கடைப்பலகையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். உங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை. நீங்களும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லைக்கல்லுக்கு வந்தபோது முந்தானையை விலக்கித் திரும்பிப் பார்த்தேன். ஊரே பின்னால் வந்துகொண்டிருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினீர்கள். எல்லாரும் நின்றார்கள். காப்பை அவிழ்த்து வைப்பீர்கள், இல்லை அம்மனிடம் ஏதாவது சொல்லிக் கும்பிடுவீர்கள் என்று எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீங்கள் எதுவும் செய்யவில்லை. கையில் காப்போடு, கயிற்றை இழுத்துக்கொண்டு தாண்டிவிட்டீர்கள். பின்னால் ஒரு பெண் 'அம்மா தாயே' என்று அலறினாள். அலறிக்கொண்டே அவளும் தாண்டினாள்.

பொத்தையின் சரிவில் பனையேறிகளின் குடிசைகளும், ஓலைக்கூரைமேல் சிலுவை வைத்த ஒரு சிறிய வேதக்கோவிலும் உண்டு. அதுவே அவர்களுக்குப் பள்ளிக்கூடமும். அங்கிருந்த உபதேசியார் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கைத்தாங்கலாக இறக்கினாள். "அண்ணாச்சி, இவங்களை வெளியில வச்சிருக்கப்படாது. உள்ள கொண்டாங்க" என்று உங்களிடம் சொன்னாள். அம்மா தயங்கினாள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நாம் குடிக்கிறதா என்கிற தயக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்கு வலி எடுத்தது. அதற்குப் பிறகு அம்மா எதையும் கேட்கவில்லை. அவளே அவர்கள் பானையில் மொண்டு எனக்குக் கொடுத்தாள். எனக்கு நாள் இன்னும் இருந்தது. வண்டியில் வந்த குலுக்கலா, பயமா, எல்லையைத் தாண்டினதா என்று அம்மா புலம்பினாள். "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? தலையைப் பிடிங்க" என்றாள் உபதேசியார் சம்சாரம்.

விடிகிற நேரத்தில் வெளியே ஒரு கூச்சல் எழுந்தது. அது அழுகையா ஆரவாரமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறும் குளமும் ஒன்றாகியிருந்தன என்று பிறகு சொன்னார்கள். பள்ளத்தெரு இருந்த இடம் தெரியவில்லை. நம் வீட்டில் ஓட்டுக்கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றதாம். தொழுவத்தில் விட்டு வந்த மாடுகள் போயின, நெல் போயிற்று. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. தலையெண்ணிப் பார்த்துவிட்டு ஊர் ஜனங்கள் உங்களைச் சுற்றி நின்று கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் என் மகள் பிறந்தாள். அழுதாள். நான் கேட்டேன், நன்றாகவே அழுதாள். உபதேசியார் சம்சாரம் அவளைத் தன் சேலைத்தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். மிகச் சின்னது. சாயங்காலம் அவள் அழவில்லை.

நீங்கள் உள்ளே வந்தீர்கள். குனிந்து பார்த்தீர்கள். என்னைத் தொடக் கையை நீட்டினீர்கள். காப்பு நனைந்து உங்கள் மணிக்கட்டில் மஞ்சளாக வழிந்திருந்தது. அதற்குள் வெளியே யாரோ, "முன்சீப்பு அய்யா, உலை எங்க வைக்க?" என்று கூப்பிட்டார்கள். கையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் போகவில்லை. பக்கத்திலேயே ஒரு நன்றியும் இருக்கிறது. எது எப்போது மேலே வரும் என்று எனக்கே தெரிவதில்லை.

தண்ணீர் வடிந்து ஊர் திரும்பிய பிறகு இரண்டு பேச்சு எழுந்தது. முன்சீப்பு இல்லாவிட்டால் நாம் இல்லை என்று ஒரு பேச்சு. காப்போடு எல்லையைத் தாண்டினார், அம்மன் அவர் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்று இன்னொரு பேச்சு. வேறு வேறு ஆட்கள் பேசினார்கள் என்றால் சண்டையாவது போடலாம். வேலாயுதம் அண்ணாச்சி சம்சாரம் இரண்டையும் ஒரே இருப்பில், ஒரே வெற்றிலையை மென்றுகொண்டு, என் எதிரிலேயே பேசினாள். நீங்கள் அடுத்த வருஷமும் காப்புக் கட்டிக்கொண்டீர்கள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

வெள்ளச் சேதம் பார்க்கத் துரை வந்தபோது, மற்ற ஊர்களில் தமுக்கடித்தும் ஜனங்கள் நகரவில்லை, இங்கே மட்டும் எப்படி ஒரே மூச்சில் கிளப்பினீர் என்று உங்களைக் கேட்டாராம். "தமுக்கடிச்சோம் துரை" என்று சொன்னீர்களாம். அம்மா வந்து சொன்னாள். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. முத்துமாடன் அன்றைக்குத் தமுக்கைக் கையால்கூடத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். வண்டியில் திறந்து வைத்திருந்தது என்னை. தெருத்தெருவாக ஊர் பார்த்தது என்னை. அன்றைக்கு உங்களுக்குத் தமுக்கு நான்தான்.

அப்பா, எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என்னைக் காப்பாற்றத்தான் வண்டியில் ஏற்றினீர்களா, இல்லை ஊரைக் கிளப்ப ஏற்றினீர்களா? எனக்காகத்தான் என்றால் முதல் நாளே ஏன் அனுப்பவில்லை? அப்போதே அனுப்பியிருந்தால் சாவகாசமாக நேர்வழியில் போயிருப்பேன், நாலு தெரு சுற்றியிருக்க வேண்டாம், அவள் தன் நாளில் பிறந்திருப்பாள். ஊருக்காகத்தான் என்றால், அந்த மெத்தையும் தலையணையும் எதற்கு? காற்றுக்காகத் திரையைத் தூக்கினீர்களா, ஊர் பார்க்கட்டும் என்று தூக்கினீர்களா? வயிற்றுப்பிள்ளைக்காரி என்று மாட்டைப் பைய நடத்தினீர்களா, எல்லா வாசலிலும் எல்லாரும் என்னைப் பார்த்து முடிக்கட்டும் என்று பைய நடத்தினீர்களா? உங்கள் பேரன் பிறந்த பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்க வேண்டும் என்று வருவேன். நீங்கள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுவீர்கள். கேட்காமல் திரும்புவேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்ததும் வந்து கூட இருந்தேன். பேச்சுக் குறைந்து, கஞ்சியும் குறைந்து, ஒருநாள் காலை வெயில் கட்டிலில் விழுந்தபோது நீங்களாகவே கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டீர்கள். தண்ணீர் கேட்கிறீர்கள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"அன்னைக்கு வண்டி ரொம்பக் குலுங்கிச்சாம்மா?"

எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எனக்கு. நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் இத்தனை வருஷமாக இந்த ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு திரிந்தீர்களா? என்னைக் கண்டதும் பேரனைத் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் இதற்குத்தானா?

"இல்லப்பா. மாடு பையத்தான் போச்சு" என்றேன்.

"பையத்தான் போச்சு" என்று நீங்களும் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினீர்கள். யாருக்காகப் பைய என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே அது தெரிந்திருக்காது என்று அந்தக் காலையில் எனக்குத் தோன்றியது. உங்கள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.